சொல் தெரியும், பொருள்தான் பிடிபடாது: ஆங்கில மரபுத்தொடர்களைப் புரிந்துகொள்ளும் வழி

கடன் வாங்கியவன் கம்பி நீட்டிவிட்டான் என்று சொன்னால், எந்தக் கம்பி, எத்தனை அடி என்று தமிழர் யாரும் கேட்பதில்லை. ‘கம்பி’யும் ‘நீட்டு’வும் அங்கே தனித்தனியாகப் பொருள் தரவில்லை. இரண்டும் சேர்ந்து ‘சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிட்டான்’ என்ற ஒரே பொருளைத் தருகின்றன. உயர்ந்தோர் ஒரு பொருளை எந்தச் சொல்லால் எப்படிச் சொன்னார்களோ அப்படியே சொல்வது மரபு என்கிறது நன்னூல். ஆங்கிலத்தில் இடியம் எனப்படுவதை நாம் மரபுத்தொடர் என்று அழைப்பது அதனால் மிகப் பொருத்தம்.

ஆக, இந்தத் தொடர்கள் இயங்கும் விதம் தமிழ் வாசகருக்குப் புதிதல்ல. இருந்தும் ஆங்கிலத் தொடர்கள் இடறுகின்றன. ‘கிக் த பக்கெட்’ போல அடியோடு விளங்காதவை பெரிய தொல்லை தருவதில்லை. வாளியை உதைப்பதற்கும் சொல்லப்படும் சேதிக்கும் சம்பந்தமே இல்லை என்று உடனே தெரிந்துவிடும். அகராதியைப் புரட்டுவோம், ‘செத்துப்போ’ என்று பார்த்துக்கொள்வோம். பார்த்தவுடன் புரிந்துவிட்டதுபோல் தோன்றும் தொடர்களில்தான் ஆபத்து இருக்கிறது. அவற்றுக்கு அகராதியைத் திறக்கவே தோன்றாது. நம் மொழியில் ஏற்கெனவே இருக்கும் ஒரு தொடரின் பொருளை அவற்றின் தலையில் ஏற்றிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவோம்.

முகம் ஒன்று, பொருள் வேறு

‘புல் சம்பாடிஸ் லெக்’ என்ற தொடரை எடுத்துக்கொள்வோம். ஒருவரின் காலை இழுப்பது. தமிழில் காலை வாருவது என்றால் நம்பியிருந்தவரைக் கவிழ்ப்பது, துரோகம் செய்வது. ஆங்கிலத் தொடருக்கோ விளையாட்டாகக் கேலி செய்வது, பொய்யான ஒன்றைச் சொல்லிச் சற்று நேரம் நம்பவைத்துச் சிரிப்பது என்று பொருள். அதில் பகை இல்லை. இந்த வேறுபாடு இரண்டு திசையிலும் கெடுதல் செய்யும். ‘ஐ வாஸ் ஜஸ்ட் புல்லிங் யுவர் லெக்’ என்று நண்பர் எழுதினால் ‘சும்மா கிண்டல் பண்ணினேன்’ என்கிறார். அதைத் துரோகத்துக்கு ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மறுபக்கம், கூட்டத்தில் கைவிட்ட சக ஊழியரைப் பற்றி ‘ஹி புல்ட் மை லெக்’ என்று எழுதினால், கேட்பவர் ஏதோ வேடிக்கை நடந்தது என்று புன்னகைப்பார். காலை வாரினார் என்பதற்கு ஆங்கிலம் வைத்திருக்கும் தொடர் ‘புல் த ரக் அவுட் ஃப்ரம் அண்டர் சம்படி’: ஒருவர் நின்றுகொண்டிருக்கும்போதே காலடியிலிருந்து விரிப்பை உருவுவது. படமும் பொருளும் இரண்டுமே நம் தொடரோடு ஒத்துப்போகின்றன.

‘ஈட் ஒன்ஸ் வேர்ட்ஸ்’ இதே வகை. வார்த்தையை மென்று விழுங்கினான் என்றால் தமிழில் தயங்கித் தயங்கி, முழுதாகச் சொல்லாமல் பேசினான் என்று அர்த்தம். ஆங்கிலத்தில் தன் வார்த்தையைத் தின்பவர், அடித்துச் சொன்ன ஒன்று தவறு என்று பிறகு ஒத்துக்கொள்ள வேண்டி வந்தவர். தயங்கிப் பேசுவதற்கு அவர்கள் ‘ஹெம் அண்ட் ஹா’ என்பார்கள். அது தொண்டையைச் செருமும் ஒலியிலிருந்து வந்தது.

எண்ணெய் விஷயம் இன்னும் சுவையானது. தமிழில் ஒரு சண்டையில் யாராவது எண்ணெய் ஊற்றினால் அது எரிகிற தீயில்தான், தகராறு முற்றும். ஆங்கிலத்திலும் இதற்கு நிகராக ‘ஆட் ஃபியூவல் டு த ஃபயர்’ உண்டு. ஆனால் ‘போர் ஆயில் ஆன் டிரபுள்ட் வாட்டர்ஸ்’ என்று இன்னொன்று இருக்கிறது. அங்கே எண்ணெய் விழுவது கொந்தளிக்கும் நீரில். பொருள், சண்டையைத் தணிப்பது. அவசரமாகப் படிப்பவர் ‘ஆயில்’ என்ற சொல்லைக் கண்டதும் சமாதானம் செய்தவரைக் கலகக்காரராக்கிவிடுவார். இந்தத் தொடர் வெறும் கற்பனையில் பிறந்ததும் அல்ல. எண்ணெய் அலையை அடக்கும் என்பது கடலோடிகளுக்கு வெகு காலமாகத் தெரியும். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் லண்டனை ஒட்டிய கிளாப்பம் குளத்தில் ஒரு தேக்கரண்டிக்கு மேற்படாத எண்ணெயை ஊற்றி, அது ஏறக்குறைய அரை ஏக்கர் நீர்ப்பரப்பைக் கண்ணாடிபோல் வழுவழுப்பாக்கியதைக் கண்டார். அந்தச் சோதனை பற்றிய அவருடைய கடிதம் 1774இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளியானது. எண்ணெய் நீர்மேல் மெல்லிய படலமாகப் பரவிக்கொள்வதால் காற்று எழுப்பும் சிற்றலைகள் வளராமல் அடங்கிவிடுகின்றன. இதை ஒருமுறை தெரிந்துகொண்டவர்களுக்கு அந்தத் தொடரின் பொருள் பிறகு மறக்காது.

பத்திரிகைத் தமிழ் தானே மொழிபெயர்த்து எடுத்துக்கொண்ட தொடர்கள் தனிக் கண்ணி. ‘பிளாக் ஷீப்’பிலிருந்து வந்தது கறுப்பு ஆடு. ஆங்கிலத்தில் அது குடும்பத்துக்கோ குழுவுக்கோ அவப்பெயர் தேடித்தருபவர், மற்றவர்களோடு ஒட்டாமல் வேறு வழியில் போனவர். அவர் யாரையும் காட்டிக்கொடுத்திருக்க வேண்டியதில்லை. தமிழில் கறுப்பு ஆடு என்றால் உள்ளிருந்தே தகவலைக் கடத்தும் துரோகி என்று பொருள் நகர்ந்துவிட்டது. அந்தத் துரோகியை ஆங்கிலம் ‘மோல்’ என்கிறது. மண்ணுக்குள் துளைபோடும் ஒரு சிறு விலங்கு அது. ‘ரெய்ஸ் ஐப்ரோஸ்’ தொடருக்கும் இதே கதி. ‘புருவத்தை உயர்த்த வைத்த சாதனை’ என்று நாம் வியப்பாக எழுதுகிறோம். ஆங்கிலத்தில் ஒரு முடிவு புருவங்களை உயர்த்தியது என்றால் பெரும்பாலும் ‘இது சரியா?’ என்ற முகச்சுளிப்பு அதில் கலந்திருக்கும். பாராட்டாக நினைத்து அதை ஒருவர் சாதனையோடு ஆங்கிலத்தில் சேர்த்து எழுதினால், வாசிப்பவர் அந்தச் சாதனையில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று எண்ணிவிடலாம்.

யானைகள் இரண்டு உண்டு. ‘வைட் எலிஃபென்ட்’ என்பது பராமரிக்கப் பெருஞ்செலவு பிடிக்கும், பயன் தராத, விட்டுத்தொலைக்கவும் முடியாத சொத்து. ஐராவதத்தை நினைத்துக்கொள்ளக் கூடாது; யானையைக் கட்டித் தீனி போடுவது என்று நாம் சொல்வதுதான் அது. ‘எலிஃபென்ட் இன் த ரூம்’ வேறு. அறையில் யானை நிற்கிறது, எல்லோருக்கும் தெரிகிறது, யாரும் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. இதற்கு முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதை ஈடாகச் சொல்பவர்கள் உண்டு. அது சரியான ஈடு ஆகாது. பூசணிக்காயை மறைப்பவன் துணிந்து பொய் சொல்கிறான். யானை இருக்கும் அறையில் யாரும் பொய் சொல்வதில்லை. சங்கடத்துக்குப் பயந்து எல்லோரும் சேர்ந்து மௌனம் காக்கிறார்கள். ஒருவரைக் குற்றம் சாட்டுவதா, ஒரு கூட்டத்தின் கூச்சத்தைச் சுட்டுவதா என்பதே இங்கே மாறிப்போகிறது.

நேராகப் பொருந்துபவையும் நிறைய இருக்கின்றன, அவற்றில் நேரம் செலவழிக்க வேண்டியதில்லை. ‘பர்ன் ஒன்ஸ் ஃபிங்கர்ஸ்’ கையைச் சுட்டுக்கொள்வதேதான். ‘ஸ்டாப் இன் த பேக்’ முதுகில் குத்துவது. ‘வாஷ் ஒன்ஸ் ஹேண்ட்ஸ் ஆஃப்’ கைகழுவிவிடுவது. ‘புளோ ஒன்ஸ் ஓன் டிரம்பெட்’டில் எக்காளம், நம்மிடம் தம்பட்டம், வாத்தியம்தான் வேறு. ‘ஒன்ஸ் இன் எ புளூ மூன்’ அத்தி பூத்தாற்போல. நியூகாசில் நகரம் நிலக்கரிக்குப் பேர்போனது. அங்கேயே கரி கொண்டுபோவதைச் சொல்லும் ‘கோல்ஸ் டு நியூகாசில்’ நம் கொல்லன் தெருவில் ஊசி விற்பது. அருகில் இருப்பதை ஆங்கிலம் ‘எ ஸ்டோன்ஸ் த்ரோ’ என்று கல்லெறியும் தூரத்தால் அளக்கிறது, தமிழ் கூப்பிடு தூரத்தால் அளக்கிறது.

ஒன்றை மட்டும் தனியே குறிப்பிட வேண்டும். ‘த லாஸ்ட் ஸ்ட்ரா’ என்பது, ஏற்கெனவே பாரம் ஏற்றிய ஒட்டகத்தின் முதுகை ஒடித்த கடைசித் துரும்பு. மயில்தோகைகூட அளவு மீறினால் வண்டியின் அச்சை முறிக்கும் என்ற 475ஆவது குறளை இது உடனே நினைவூட்டும். ஆனால் குறள் மொத்த அளவைப் பற்றி எச்சரிக்கிறது. ஆங்கிலத் தொடர் அந்தக் கடைசி ஒன்றின் மேல் விரல் வைக்கிறது: ‘இதுவரை பொறுத்தேன், இதற்குமேல் முடியாது’ என்று ஒருவர் வெடிக்கும் கணம் அது.

பொருள் சரி, தொனி?

ஒரு தொடருக்கு ‘இற’ என்று அகராதி பொருள் தந்துவிட்டதால் அதை எங்கும் வைக்க முடியாது. ‘கிக் த பக்கெட்’ நம் ‘மண்டையைப் போடு’ போன்றது. மரியாதை அற்றது, சாவை இலேசாக்கிப் பேசுவது. இரங்கல் செய்திக்கு அங்கே ‘பாஸ்ட் அவே’, இங்கே ‘காலமானார்’.

பழிப்பா, பாராட்டா என்பதும் தொடருக்குள்ளேயே பொதிந்திருக்கும். ‘கட் கார்னர்ஸ்’ என்பதைச் சிலர் சாமர்த்தியமான குறுக்குவழி என்று புரிந்துகொள்கிறார்கள். அதில் எப்போதும் குற்றச்சாட்டு இருக்கிறது: பணமோ நேரமோ மிச்சம் பிடிக்கச் செய்யவேண்டியதைச் செய்யாமல் விட்டார், தரம் கெட்டது. ‘பை ஹுக் ஆர் பை குரூக்’ என்பது ‘எப்பாடுபட்டாவது’ என்று கற்பிக்கப்படுகிறது. அதில் நேர்வழியோ குறுக்குவழியோ எதுவானாலும் சரி என்ற துணிச்சல் கலந்திருக்கிறது. வேலைக்கான விண்ணப்பத்தில் இலக்கை அப்படி முடித்துக்காட்டுவேன் என்று எழுதுபவர், தாம் உறுதியை மட்டும் சொன்னதாக நினைத்துக்கொண்டிருப்பார்.

காலமும் ஒரு கணக்கு. கொட்டும் மழையைச் சொல்லும் ‘ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’ பாடப்புத்தகங்களில் பளிச்சென்று இருக்கும். பேச்சில் இன்று ‘இட்ஸ் போரிங்’ (மழை கொட்டுகிறது) என்பதே சாதாரணம். பழைய தொடரைப் புரிந்துகொள்ளத் தெரிந்திருந்தால் போதும். அதைத் தேடி எடுத்துப் பயன்படுத்த வேண்டியதில்லை.

எது அசையும், எது அசையாது

‘மண்டையைப் போட்டார்’ என்பதைச் செயப்பாட்டு வினையாக்கி ‘மண்டை போடப்பட்டது’ என்றால் சாவு போய்விடுகிறது. ‘த பக்கெட் வாஸ் கிக்ட்’ என்றாலும் அப்படித்தான்; உண்மையான வாளி ஒன்று உதைபட்டது என்ற பொருளே மிஞ்சும். ஆனால் குட்டை உடைத்தான் என்பதைக் குட்டு உடைந்தது என்று மாற்றினால் ஒன்றும் கெடுவதில்லை. அதற்கு நிகரான ‘ஸ்பில் த பீன்ஸ்’ தொடரும் ‘த பீன்ஸ் வேர் ஸ்பில்ட்’ என்று மாற இடம்கொடுக்கும். காரணம் தெளிவானது. குட்டு, பீன்ஸ் என்பவை இரகசியத்துக்கும், உடைப்பதும் சிந்துவதும் வெளியிடுவதற்கும் நிற்கின்றன. பொருள் சொற்களுக்குள் பங்குபிரிந்து கிடக்கிறது. வாளியும் உதையும் சாவைப் பங்குபோட்டுக்கொள்ளவில்லை. தொடர் முழுவதும் ஒரே கட்டி. 1994இல் ஜெஃப்ரி நன்பெர்க், ஐவன் சாக், தாமஸ் வாசோ என்ற மொழியியலாளர் மூவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரை இந்தப் பிரிவினையை விரிவாக நிறுவியது. கற்பவருக்கு இதிலிருந்து ஒரு சோதனை கிடைக்கிறது. தொடரின் ஒவ்வொரு சொல்லுக்கும் உண்மைப் பொருளில் ஓர் ஈடு காட்ட முடிகிறதா? முடிந்தால் அத்தொடர் ஓரளவு வளையும். முடியாவிட்டால் காலத்தை மட்டும் மாற்றி, மற்றதைத் தொடாமல் விட வேண்டும்.

காலத்தில்கூட எல்லை உண்டு. ஒருவர் ஒரு வாரமாகச் சாகக் கிடக்கிறார் என்று சொல்லலாம். ஒரு வாரமாக மண்டையைப் போட்டுக்கொண்டிருக்கிறார் என்று சொல்ல முடியாது. ‘கிக்கிங் த பக்கெட் ஃபார் எ வீக்’ என்பதும் அப்படியே நெருடும்.

அடிக்கடி நேரும் பிழைகள் சில. பன்மையை ஒருமையாக்குவது: ‘ஸ்பில் த பீன்’ என்று ஒன்று இல்லை. ஒத்த சொல்லை மாற்றி வைப்பது: வாளிக்கு ‘பெய்ல்’ என்றும் சொல் இருக்கிறதே என்று அதைப் போட்டால் யாரும் சாகமாட்டார்கள். இரட்டைகளின் வரிசையைப் புரட்டுவது: அக்கம்பக்கம் பக்கம் அக்கமாக ஆகாதது போல, ‘சேஃப் அண்ட் சவுண்ட்’ தலைகீழாகாது.

தோற்றக் கதைகளை எவ்வளவு நம்பலாம்

ஒரு தொடர் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் பொருள் மனதில் ஊன்றும், அதுவும் உண்மையான கதையாக இருந்தால். கடற்பயணம் ஆங்கிலத்துக்குப் பெருங்கொடை அளித்திருக்கிறது. ‘பை அண்ட் லார்ஜ்’ என்பதில் ‘பை’ காற்றை எதிர்த்து ஒட்டிச் செல்வது, ‘லார்ஜ்’ காற்று பின்னாலிருந்து தள்ளச் செல்வது. இரண்டிலும் நன்றாக ஓடும் கப்பல் எல்லா நிலையிலும் தேறியது. அதனால்தான் ‘மொத்தத்தில் பார்த்தால்’ என்ற பொருள். ‘டேக்கன் அபேக்’ என்பது பாய்களைக் காற்று திடீரென முன்னாலிருந்து அறைந்து பாய்மரத்தோடு ஒட்டிவிட, கப்பல் திகைத்து நிற்பது. இன்று அதிர்ந்துபோய் வாயடைத்து நிற்பவரைச் சொல்கிறோம். ‘த்ரீ ஷீட்ஸ் டு த விண்ட்’ தொடரில் ஷீட் என்றதும் பாய் என்று நினைப்பது இயல்பு. கப்பல்காரர் மொழியில் அது பாயைப் பிடித்து இழுக்கும் கயிறு. மூன்று கயிறு அவிழ்ந்தால் பாய் படபடக்கும், கப்பல் தள்ளாடும். குடிபோதையில் தள்ளாடுபவர் என்ற பொருள் அப்படி வந்தது. குதிரைப் பந்தயத்தில் வெற்றி உறுதியானபின் கடிவாளத்தை இழுத்துப் பிடிக்காமல் கையைத் தாழ்த்திவிடும் ஓட்டுநரிடமிருந்து ‘ஹேண்ட்ஸ் டவுன்’, சிரமமில்லாத வெற்றி. தூண்டுதல் இல்லாமல் தானே முன்வந்து செய்வதைக் குறிக்கும் ‘ஆஃப் ஒன்ஸ் ஓன் பேட்’ கிரிக்கெட்டிலிருந்து வந்தது.

ஆனால் இணையத்தில் சுற்றும் கதைகளில் பல, பொருளுக்கேற்பப் பின்னால் தைத்த சட்டைகள். கூரையில் படுத்திருந்த நாயும் பூனையும் மழையில் வழுக்கி விழுந்தன என்பது அப்படி ஒன்று. ஓலைக்கூரைமேல் நாய் ஏறிப் படுப்பதில்லை. கடைசி நேரத்தில் தப்பிப் பிழைப்பதைச் சொல்லும் ‘சேவ்ட் பை த பெல்’ என்பதைச் சவப்பெட்டியில் கட்டிய மணியோடு சேர்ப்பார்கள். குத்துச்சண்டையில் சுற்று முடிந்து அடிக்கும் மணிதான் அதன் ஊற்று. ‘ரூல் ஆஃப் தம்’ மனைவியை அடிக்கும் குச்சியின் தடிமன் பற்றிய சட்டத்திலிருந்து வந்தது என்பதற்கும் ஆதாரம் கிடையாது. அனுபவத்தில் தேறிய உத்தேசக் கணக்கு என்பதே அதன் பொருள். ஒரு கதை எவ்வளவு கச்சிதமாக இருக்கிறதோ அவ்வளவு சந்தேகப்படுவது நல்லது.

அட்லாண்டிக்கின் இரு கரைகள்

அமெரிக்காவும் பிரிட்டனும் சில தொடர்களை எதிரெதிர்ப் பொருளில் ஆளுகின்றன. ‘டேபிள் எ மோஷன்’ பிரிட்டனில் தீர்மானத்தை விவாதத்துக்கு முன்வைப்பது, அமெரிக்காவில் அதை ஒத்திப்போடுவது. இரண்டாம் உலகப் போரின்போது இரு தரப்பு அதிகாரிகளும் இந்தச் சொல்லை வைத்து நெடுநேரம் வாதாடியதையும், உண்மையில் இருவருக்கும் ஒரே விருப்பம்தான் என்பது பிறகு தெரிந்ததையும் வின்ஸ்டன் சர்ச்சில் பதிவுசெய்திருக்கிறார். ‘பாம்’ என்ற சொல்லும் இப்படித்தான்: ‘கோ லைக் எ பாம்’ என்பது பிரிட்டனில் அமோக வெற்றி, அமெரிக்காவில் ‘இட் பாம்ட்’ என்றால் படுதோல்வி. மற்ற வேறுபாடுகள் சில்லறை. அற்ப விஷயத்துக்குப் பெரிய அமளி என்று பொருள்படும் பிரிட்டனின் ‘ஸ்டார்ம் இன் எ டீகப்’ அமெரிக்காவில் ‘டெம்பஸ்ட் இன் எ டீபாட்’ ஆகும், அவ்வளவே.

கண்டுபிடிப்பதும் தேடுவதும்

படிக்கும்போது ஒரு தொடரைக் கண்டுகொள்ள மிக நம்பகமான அடையாளம் ‘த’ என்ற சிறுசொல். ஏற்கெனவே பேசப்பட்ட பொருளுக்கு முன்னால்தான் அது வழக்கமாக வரும். இதுவரை வாளியே வராத கதையில் ‘த பக்கெட்’ வந்தால், துண்டே இல்லாத கூட்டத்தில் யாரோ ‘த டவல்’ எறிந்தால், நின்று கவனிக்க வேண்டும். சூழலைக் கொண்டு பொருளை ஊகிப்பது நல்லதா கெட்டதா என்ற திசையைக் காட்டும், துல்லியத்தைத் தராது. ஊகித்தபின் சரிபார்த்தே தீர வேண்டும்.

பயிலுநர் அகராதிகளில் தொடரின் முதல் முழுச்சொல்லின் கீழ் தேட வேண்டும். முழுச்சொல் என்றால் பெயர், வினை, பெயரடை, வினையடை; ‘த’, ‘இன்’ போன்றவை சேராது. ‘கெட்’, ‘டேக்’, ‘மேக்’ போல எங்கும் வரும் வினையானால் அடுத்த பெயர்ச்சொல்லுக்குப் போவது நேரத்தை மிச்சப்படுத்தும். அங்கே தரப்பட்டிருக்கும் வடிவத்தை எழுத்துக்கு எழுத்து பார்க்க வேண்டும். ‘ஒன்ஸ்’ (தன்னுடைய) என்று இருந்தால் அது எழுவாயையே குறிக்கும்: அவர் தின்பது அவருடைய வார்த்தையைத்தான், ‘ஐ ஏட் ஹிஸ் வேர்ட்ஸ்’ என்பது பிழை. ‘சம்பாடிஸ்’ என்று இருந்தால் அது வேறொருவர்: தன் காலைத் தானே இழுக்க முடியாது. இந்த ஒரு வேறுபாட்டைக் கவனிக்காததால் விளையும் பிழைகள் ஏராளம். பொருளுக்கு முன்னால் அகராதி இடும் குறிப்புகளையும், பேச்சுவழக்கு, பழையது, பழிப்பு, நகைச்சுவை, பிரிட்டன், வட அமெரிக்கா என்பவற்றை, தாண்டிப்போகக் கூடாது.

குறித்து வைக்கும்போது தொடரை உடைக்காமல் முழு வாக்கியமாக எழுத வேண்டும். டேவிட் ஸ்வின்னியும் ஆன் கட்லரும் 1979இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் பேசுவோர் மரபுத்தொடர்களைச் சாதாரணச் சொற்கோவைகளைவிட விரைவாக அடையாளம் கண்டார்கள். அவர்கள் மனதில் அது ஒரே சொல்லாகப் பதிந்திருக்கிறது. நமக்கும் அப்படியே பதிய வேண்டும். ஒரு தொடருக்கு ஐந்து விவரம் போதும்: முழு வாக்கியம், பொருள், தொனி, மாறக்கூடிய இடம், தமிழில் நெருங்கிய தொடரும் அதிலிருந்து விலகும் புள்ளியும். கடைசியானதுதான் அதிக உழைப்புக் கேட்கும், அதிகப் பயனும் தரும்.

‘பைட் த புல்லட்’ தொடரை அப்படி எழுதிப் பார்க்கலாம். கசையடி படும்போது கத்திவிடக் கூடாது என்று சில படைப்பிரிவு வீரர்கள் துப்பாக்கிக் குண்டை மென்றதை ஃபிரான்சிஸ் க்ரோஸின் வழக்குச்சொல் அகராதி 1796ஆம் ஆண்டுப் பதிப்பில் குறிக்கிறது. தமிழில் நெருங்கியது, பல்லைக் கடித்துக்கொண்டு. விலகும் புள்ளி இது: பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பவர் நடப்பதைப் பொறுத்துக்கொண்டே இருக்கிறார், நாட்கணக்கில், ஆண்டுக்கணக்கில். குண்டைக் கடிப்பவரோ தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த கசப்பான காரியத்தைச் செய்துவிடுவது என்று ஒரு கணத்தில் முடிவெடுத்து இறங்குகிறார். பிடிக்காத வேலையில் பத்து ஆண்டு பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவர், ஒரு நாள் குண்டைக் கடித்து இராஜினாமா கடிதம் கொடுப்பார்.